அபிஷேகம் ஆன கார்ச் சாவி

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேர். நான் பெற்றது மூன்று, நாத்தனார் கண்மூடியபோது என்னிடம் வந்து சேர்ந்தது இரண்டு. ஐந்து பேருக்கும் சோறு போட்டது சாவி. முதலில் பூட்டுச் சாவி, அப்புறம் பீரோ சாவி, கடைசிப் பதினாறு வருடம் கார்ச் சாவி.

இந்தச் சித்திரையில் வேலையை விட்டேன். போன மாதம் சும்மா கடைப்பக்கம் போனபோது ஒரு வண்டி வந்திருந்தது. அதற்குச் சாவியே கிடையாதாம், செல்போன்தான் சாவியாம். கடையில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பாக்கியம்மா, இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாம இத்தனை வண்டிக்கு எப்படிம்மா சாவி போட்டீங்க? எழுதிக் குடுங்களேன்.”

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன்டி அரத்தோட மல்லுக்கட்டுறேன், கலெக்டர் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்க மாட்டேன்?” என்றேன். இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் மாயவரம் பஸ் ஸ்டாண்டு எதிரே குடை விரித்துச் சாவி வெட்டினார். அவர் போன பிறகு அதே குடைக்கடியில் நான் உட்கார்ந்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எண் நன்றாக வரும். இங்கிலீஷ் எழுத்து எனக்குச் சிக்குக்கோலம் மாதிரி, பார்க்கலாம், படிக்க முடியாது. அரம் கைக்கு வசமாக ஒரு வருடம் ஆனது, இடது கையில் இரண்டு தழும்பு மிச்சம். அந்தக் கதை அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு வயதில் அந்தோணி சார் என் குடைக்கு முன்னால் வந்து நின்றார். பட்டாளத்தில் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்ச் சாவிக்கென்றே ஒரு கடை போடப்போவதாகச் சொன்னார். ஒரு பூட்டைக் கொடுத்து, “இதுக்குச் சாவி இல்லை, போட்டுக் குடுங்க” என்றார். முக்கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தேன். திருகிப் பார்த்தார், மறுபடி திருகிப் பார்த்தார். “நாளைக்குக் கடைக்கு வாங்க” என்றார்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். எந்தக் கருவியையும் வண்டி மேல் வைக்க மாட்டார், வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல்தான் வைப்பார். வேலை முடிந்து யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். காகிதம் பார்த்தீங்களா, பேட்டரியில எத்தனை வோல்ட் இருந்துச்சு, எத்தனை சாவியோட வண்டி போச்சு. இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் அன்று அவர் டீ குடிக்க மாட்டார். திட்டுவதைவிட அது மோசம். நமக்கும் டீ இறங்காது.

காகிதம் என்றால் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் சொந்தக்காரரின் அடையாள அட்டையும். இல்லாமல் சாவி போட்டால் நாம் திருடனுக்குக் கைக்கருவி. வோல்ட் எதற்கு என்றால், புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகம் செய்கிறபோது பாதியில் பேட்டரி இறங்கினால் வண்டியின் மூளை குழம்பிப் போகும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இரண்டு. ஒற்றைச் சாவியோடு எந்த வண்டியையும் சார் அனுப்ப மாட்டார். அந்த ஒன்றும் தொலைந்தால் வேலை ஐந்து மடங்கு.

பட்டன் அமுக்கி ஓட்டும் பெரிய வண்டிகள் அப்போதுதான் நம் பக்கம் வர ஆரம்பித்தன. அதன் சாவி, சோப்புக்கட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு பட்டன் செல், ஒரு சின்ன சிப்பு, அவசரத்துக்கு உருவிக்கொள்ள ஒல்லியாய் ஓர் இரும்புச் சாவி. டப்பா சட்டைப்பையில் இருந்தாலே போதும், வண்டி ஆளைத் தெரிந்துகொள்ளும்.

செய்தவன் எந்த நாட்டுக்காரனோ, நம் ஊரை நினைத்து அதைச் செய்யவில்லை. வண்டிக்குப் பூசை போடுகிறவர்கள் சாவியைச் சும்மா விடுவார்களா? சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் வைத்து எடுப்பார்கள். மாதம் இரண்டு சாவியாவது அப்படி வரும். திறந்தால் உள்ளே சந்தனம் காய்ந்து கட்டியாக இருக்கும், செல்லைத் தொடும் தகடு பச்சை பூத்திருக்கும். ஒருத்தர் நாற்றங்காலில் தவறவிட்டுச் சேற்றோடு வழித்துக்கொண்டு வந்தார். பழைய பல்தேய்க்கும் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து அதையும் பேச வைத்திருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் எல்லா வேலையும் என் கைக்கு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. சாவியை வண்டியில் பதிகிற மெஷினை சார் எனக்குத் தனியாகக் கொடுக்கவில்லை. அதில் வருவதெல்லாம் இங்கிலீஷ்.

“உங்க கையை நம்புறேன், பாக்கியம்மா. ஆனா திரையில என்ன எழுதியிருக்குன்னு தெரியாம அமுக்கக் கூடாது” என்பார்.

எனக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து திரையில் எந்தப் படத்துக்கு எத்தனையாவது வரி என்று மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. யாராவது இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினால், “கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன், நீங்களே சொல்லுங்க” என்பேன். அது தெரிந்தால் இத்தனை வருடம் அரம் பிடித்தவளையும் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு பயம்.

இனி திருக்கடையூருக்கு வருகிறேன்.

அன்றைக்கு சார் திருச்சியில் இருந்தார், மகளுக்குப் பிரசவம். கடையில் நான் மட்டும். காலை எட்டரை இருக்கும். வாடகைக் காரிலிருந்து ஒரு பையன், முப்பது வயது, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“ஆயா, கடையில யாரும் இல்லையா?”

“நான் இருக்கேனே, என்னைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?”

பெயர் கார்த்திக், சிங்கப்பூரில் வேலை. அப்பாவுக்குத் திருக்கடையூர் கோயிலில் அறுபதாம் கல்யாணம். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், விவசாயக் குடும்பம். விஷயம் இதுதான். அப்பா பெரிய வண்டியைப் பூட்டிச் சாவியை வேட்டி மடியில் சொருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார். கலசத் தண்ணீரை உற்றார் உறவினர் வரிசையாக வந்து தலையில் ஊற்றியிருக்கிறார்கள். சாவிக்கும் சேர்த்து அபிஷேகம். அதற்குப் பிறகு எந்தப் பட்டனை அமுக்கினாலும் வண்டி வாய் திறக்கவில்லை. கூறைப் புடவையும் தாலியும் வண்டிக்குள். முகூர்த்தம் பத்தரைக்குள் முடிகிறது.

“ரெண்டாவது சாவி எங்க தம்பி?”

“அது என் பொண்டாட்டி கைப்பையில. கைப்பை வண்டிக்குள்ள.”

சாருக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “கதவைத் திறங்க. அப்புறம் ஒரு புதுச் சாவியும் போட்டுடுங்க, ஒத்தைச் சாவியோட அனுப்பாதீங்க” என்றார்.

“மெஷினா சார்?”

“நூறு தடவை பார்த்திருக்கீங்க. மூணாவது வரி. போங்க.” வைத்துவிட்டார்.

மெஷினைப் பைக்குள் வைத்தபோது கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

வண்டி கோயில் தெருவில் நின்றது, யானைக்குட்டி அளவுக்கு. சுற்றி இருபது பேர். ஒருவர் கையில் கருங்கல். “கண்ணாடிய உடைச்சிடலாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க” என்றார். அவர் அறுபதாம் கல்யாண மாப்பிள்ளையின் மச்சினர் என்று பிறகு தெரிந்தது. அபிஷேகம் ஆன சாவியைக் கேட்டேன். அந்த மச்சினரே ஒரு வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்தார். டப்பா ஒரு பக்கம் உருகிக் கோணியிருந்தது.

“என்ன பண்ணீங்க இதை?”

“ஈரமா இருந்துச்சேன்னு ஹோமகுண்டம் பக்கத்துல காய வச்சேன்மா. நல்ல அக்கினியாச்சே.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகமும் வண்டிக்குள்தான் என்றார்கள். இதற்கும் சார் ஒரு வழி வைத்திருந்தார். வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், திறந்ததும் சரிபார்க்க வேண்டும். அன்றைய மணமகள், கார்த்திக்கின் அம்மா, ஈரப் புடவையோடு வந்து தாலி, கூறை, பித்தளைச் சொம்பு, மருமகள் பை என்று கடகடவென ஒப்பித்தார். கார்த்திக்கின் அப்பா, அந்தப் பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். எல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஓட்டற சீட்டுக்கு அடியில… அரைக் கிலோ அல்வா இருக்கும்மா.”

“சர்க்கரை உண்டா உங்களுக்கு?”

“இருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

திருடனுக்கு இது தெரியாது என்று மனசில் பட்டது. ஆனாலும் திறந்து பார்த்த பிறகுதான் நிச்சயம்.

உருகின டப்பாவுக்குள் இரும்புச் சாவி மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்து, மூட்டு ஓரமாகச் சின்ன ரம்பத்தால் அறுத்தேன். அவசரப்பட்டால் சாவி வளையும். மேலே நின்றவர்கள் மணி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். “மணி சொன்னா பிளாஸ்டிக் இளகிடாது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்றேன். ஒருவழியாக உருவி எடுத்தேன்.

“இதுல சாவித் துவாரமே இல்லையேம்மா” என்றான் கார்த்திக். இருக்கிறது. கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன மூடி, அதை நெம்பினால் துவாரம். திருப்பினேன். கதவு திறந்தது, அதோடு சைரனும் அலறியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கைப்பையிலிருந்த சாவியை எடுத்து, செல் மங்கியிருந்ததால் ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்ட வைத்து அமுக்கினேன். சைரன் அடங்கியது. அம்மா தாலியையும் கூறையையும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி, “சீட்டுக்கு அடியில இருக்கறத நீங்களே எடுத்துக்குங்க, அது அங்கதான் இருக்கும்னு எனக்கும் தெரியும்!” என்றார். பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்தேன், பெயர் சரியாக இருந்தது.

பத்து பத்துக்குக் கெட்டிமேளம் கேட்டது. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் வேலை. மங்கின சாவிக்குப் புதுச் செல் போட்டேன். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்தான் இருந்தது, சைரன் கொஞ்சம் குடித்துவிட்டது. கையோடு கொண்டுபோன துணை பேட்டரியைச் சேர்த்துப் பன்னிரண்டு புள்ளி ஆறுக்குக் கொண்டுவந்தேன். விளக்கு, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்தேன். மெஷின் ஒயரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினேன். அதற்குள் கல்யாணம் முடிந்து கார்த்திக்கும் பெரியவரும் மாலையும் கையுமாக வந்து, பையன் பக்கத்துச் சீட்டிலும் அப்பா பின்சீட்டிலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் படம் வந்தது. அமுக்கினேன். இரண்டாவது படம். அமுக்கினேன். எல்லாம் மனப்பாடம் செய்தபடியே வந்தது. சாவிப் படம் வந்ததும் விரல் தானாக மூன்றாவது வரிக்குப் போனது.

போன விரல் நின்றுவிட்டது.

மூன்றாவது வரி எப்போதும் கூரை மாதிரி ஓர் எழுத்தில் தொடங்கும், இரண்டு பக்கம் சாய்ந்து நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. இன்றைக்கு அந்த இடத்தில் பல் மூன்று உள்ள சீப்பு மாதிரி ஓர் எழுத்து. கூரை எழுத்து கீழே எங்கோ போயிருந்தது. அல்லது அது வேறு கூரையோ, யார் கண்டது?

சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அணைத்து வைத்திருந்தார்.

“என்னம்மா, ஆயிடுச்சா?” என்றார் பெரியவர்.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று வாய் வரை வந்தது. ஆனால் கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. பொய் சொல்லக்கூட வழியில்லை. தப்பாக அமுக்கினால் இவர்கள் வண்டி கோயில் வாசலிலேயே கிடக்கும், அறுபதாம் கல்யாணத் தம்பதி லாரி பிடித்து வீட்டுக்குப் போவார்கள். படிக்கத் தெரியாது என்று சொன்னால், மெஷினை எடுத்து வைத்துவிட்டு இறங்கச் சொல்லலாம். அதற்கு அப்புறம் சார் எந்த நம்பிக்கையில் எனக்கு மெஷினைத் தருவார்?

மெஷினைக் கார்த்திக் பக்கம் திருப்பினேன்.

“தம்பி, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றேன்.

கார்த்திக் என்னைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். “படிக்கத் தெரியாமயா இவ்வளவு நேரம் அமுக்கிட்டிருந்தீங்க?” என்று கையை நீட்டினான். “குடுங்கம்மா, நானே பண்ணிடறேன். ஈசிதான் இது.”

“முதல்ல படிங்க.”

“மூணாவது, எல்லாச் சாவியையும் அழி. நாலாவது, எத்தனை சாவி இருக்குன்னு பாரு. அஞ்சாவது, சாவி சேர். ஓ, அந்த உருகின சாவியை அழிக்கணும்ல? அப்ப மூணாவதுதான்.” சொல்லிக்கொண்டே விரலைக் கொண்டுபோனான்.

அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினேன். சொந்தப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரிதான், சத்தம் வரத் தட்டினேன்.

“எல்லாத்தையும் அழிச்சா கையில இருக்கற நல்ல சாவியும் போயிடும் தம்பி! அப்புறம் வண்டியோட ரகசிய நம்பர் வேணும், அது கடைக் கம்ப்யூட்டர்லதான் எடுக்க முடியும். உருகினது ஹோமத்துல வெந்தாச்சு. அதை எடுத்துட்டுப் போய் எந்தத் திருடன் வண்டி ஓட்டப் போறான்? படிக்கறது நீங்க, அமுக்கறது நான்.”

பின்சீட்டிலிருந்து பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “டேய், சொன்னதைச் செய்டா. நீ படிச்ச படிப்புக்கு இப்பதான் ஒரு வேலை வந்திருக்கு.”

ஐந்தாவது வரியை அமுக்கினேன். கார்த்திக் ஒவ்வொரு படமாகப் படித்தான். பழைய சாவியைப் பட்டன் மேல் வை என்றது, வைத்தேன். எடு என்றது, எடுத்தேன். புதுச் சாவியை வை, முடியும்வரை கதவைத் திறக்காதே என்றது. நடுவில் மச்சினர் வந்து மாலையை உள்ளே வைக்கக் கதவைத் திறக்கப் போனார். மூன்று பேரும் ஒரே குரலில் “தொறக்காதீங்க!” என்று கத்தினோம். மனிதர் மாலையோடு சிலையாக நின்றார். பீப் என்று ஒரு சத்தம். திரையில் எண் இரண்டு. அதைப் படிக்க எனக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு சாவியிலும் தனித்தனியாகப் பூட்டி, திறந்து, வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். சாவிகளைக் கார்த்திக்கிடம் கொடுத்து இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினேன், வண்டி மறுத்தது. அது மறுத்தால்தான் வேலை சுத்தம். புதுச் சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தேன். “மடியில சொருகாதீங்க. சந்தனம் பூசாதீங்க. வேணும்னா சாவி வளையத்துல குங்குமம் வச்சுக்குங்க” என்றேன். அம்மா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, “நானும் அஞ்சாவதோட சரிம்மா. இத்தனை வருஷம் பேங்க் ஃபாரத்தை அவர்தான் நிரப்பினார், என்னைக்காவது கேட்டதை எழுதியிருக்காரான்னு தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து சார் வந்தார், பேரன் பிறந்த மிட்டாயோடு. மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் சொன்னேன். வரி மாறியிருந்ததையும் சொன்னேன், தம்பி கையைத் தட்டினதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சார் மிட்டாய்ப் பெட்டியைக் கீழே வைத்தார்.

“முந்தின நாள் சாயந்தரம் நான்தான் மெஷினுக்கு அப்டேட் போட்டேன். அவசரத்துல உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். மூணாவது வரின்னு வேற சொல்லியிருக்கேன்.” “நானா இருந்தா பழக்கத்துல அமுக்கியிருப்பேன், பாக்கியம்மா. எனக்குப் படிக்கத் தெரியும்கறதால திரையைப் பார்க்கவே மாட்டேன்.”

அன்றைக்கு சார் டீ குடிக்கவில்லை. நான்தான் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவர் கையில் திணித்தேன். குடித்து முடித்ததும் மெஷினைத் தன் மேசையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பதினோரு வருடம் அது என் மேசையிலேயே இருந்தது. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் சொந்தக்காரரிடம் முதலில் சொல்லிவிடுவேன், எனக்கு இங்கிலீஷ் வராது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள் என்று. டாக்டரும் படித்திருக்கிறார், தாசில்தாரும் படித்திருக்கிறார். ஒருத்தர்கூட இறங்கச் சொல்லவில்லை. அவர்களுக்கும் தங்கள் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது, அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என் கையால் போட்ட சாவி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, சந்தனம் பூசினதைத் தவிர.

கடைப் பெண்களே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நான் படிக்காமல் ஒரு சாவியும் போடவில்லை. கேட்டுப் படித்தேன்.

போதும், யாழினி, பேனாவை வை. எங்கே, முதலிலிருந்து படி பார்க்கலாம். வேகமாக ஓட்டாதே. நான் சொல்லாததை அழகுக்காக எங்கேயாவது சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். ம், படி.